சோத்தோங் செய்யாத குற்றம்

தீபாவளி முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் என் கிளினிக்கில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய பாட்டி. நால்வர் முகத்திலும் உயிரில்லை. அப்பா மட்டும் தெம்பாக ஃபோனில் எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஃபுட் பாய்சன் டாக்டர். நேத்து ராத்திரி சாப்பிட்ட சோத்தோங்தான்" என்று அவரே நோயைச் சொல்லிவிட்டார். சோத்தோங் என்றால் கணவாய். தெலுக் பஹாங் பக்கம் கடலோரமாக நிறுத்தி வைத்து வாடகைக்கு விடும் கேரவனில் இரண்டு இரவு தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, இவருக்கு வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வு. மாலையில் கடைத்தெருவில் சுட்ட கணவாய் வாங்கி, மீதியைத் தாங்களே கரி அடுப்பில் வாட்டியிருக்கிறார்கள். விடிந்தால் இவரைத் தவிர எல்லாருக்கும் தலைவலி, வாந்தி, தலைசுற்றல்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மறைப்பானேன், விடுமுறை வாரங்களில் வயிற்றுக்கோளாறு மாத்திரை எழுதி எழுதிக் கை தானாகவே அங்கே போகும். ஆனால் காய்ச்சல் யாருக்கும் இல்லை. வயிற்றுப்போக்கும் இல்லை. பாட்டிக்குத்தான் தலைவலி அதிகம், எழுந்து நின்றால் தள்ளாடினார்.

"நீங்க எத்தனை துண்டு சாப்பிட்டீங்கம்மா?"

"நான் எங்க சாப்பிட்டேன்! சஷ்டி விரதம் டாக்டர். பாலும் வாழைப்பழமும்தான்."

கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தேன். சோத்தோங்கைத் தொடாதவருக்கு நோய் அதிகம். நிறையச் சாப்பிட்டது யார் என்று கேட்டால், எல்லாரும் தெம்பாக இருந்த அப்பாவைக் கைகாட்டினார்கள். அவர் எங்கே படுத்திருந்தார்? குறட்டை தாங்காமல் மனைவி வெளியே அனுப்பிவிட்டாராம். பக்கத்தில் நிறுத்தியிருந்த அல்சா காரில், எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறார். அந்தக் குறட்டைக்கு அன்று நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அப்புறம் கதை மெல்ல வெளியே வந்தது. இரவு பத்து மணிக்கு மழை. பினாங்கில் அந்த மாதங்களில் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? கரி அடுப்பு நனையக்கூடாது என்று அதைத் தூக்கிக் கேரவன் கதவுக்கு உள்பக்கம், படிக்கட்டு ஓரமாக வைத்திருக்கிறார்கள். "அணைஞ்சிருச்சு டாக்டர், மேல வெறும் சாம்பல்தான்" என்றார் அம்மா. சாரல் அடிக்கிறது, கொசு வேறு. சன்னல் கதவு எல்லாம் சாத்தியாயிற்று. பாட்டி படுத்தது அந்த அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி.

நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள். சாம்பல் மூடிய கரி, புகையே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். போதிய காற்றில்லாமல் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல ஓடும், உடம்புக்குள் மட்டும் ஆக்ஸிஜன் பஞ்சம். தூக்கத்தில் இருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. வீட்டு வரவேற்பறையை விடக் கேரவன் எவ்வளவு சிறியது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாட்டி இன்னொன்றும் சொன்னார். வரும் வழியில் பாலத்தில் கண்ணாடியை இறக்கி வைத்ததும் தலைவலி சற்றுக் குறைந்ததாம். ஓர் இடத்தில் தங்கிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல். வெளியே வந்தால் குறைகிறது, உள்ளே போனால் கூடுகிறது. இப்படி இருந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு முதலில் காற்றைச் சந்தேகப்படுங்கள்.

விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். 98. கோவிட் காலத்தில் வாங்கிய கருவி பலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. அது ரத்தத்துக்குள் ஒளியைப் பாய்ச்சிக் கணக்குப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜன் ஒட்டியதும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தனி ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும்.

ஆக்ஸிஜன் முகமூடியைப் போட்டுவிட்டு ஆம்புலன்சை வரவழைத்தேன். நச்சு இருந்தது மருத்துவமனையில் உறுதியானது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். அதனால் தாமதமாகப் பரிசோதித்தால் அளவு குறைவாகக் காட்டலாம். எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், லேசான தலைவலிதானே என்று இருந்துவிடக் கூடாது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

கரி மட்டுமா? மழைக்கு மேகி வேகவைக்க உள்ளே பற்றவைக்கும் ஸ்டீம்போட் அடுப்பு, ஏர்கோனுக்காகச் சன்னலுக்குக் கீழே ஓடும் ஜெனரேட்டர், எஞ்சினை ஓடவிட்டுக் காரில் தூங்குவது, சரியாகப் பராமரிக்காத கேஸ் வாட்டர் ஹீட்டர், எல்லாம் இதே கதைதான். கேமரன் மலைக்குப் போனால் குளிருக்குக் கூடாரத்துக்குள் கரித் தணல் வைப்பவர்களும் உண்டு. "கேஸ்னா வாசனை வருமே டாக்டர்" என்பார்கள். தோம்பு (சிலிண்டர்) கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று நிறுவனங்கள் சேர்ப்பது அந்த வாசனை. எரிந்து முடிந்து வரும் நச்சில் அது இருக்காது.

இதற்கென்று தனி அலாரம் விற்கிறது. புகை அலாரம் வேறு, கேஸ் கசிவு அலாரம் வேறு, கேட்டு வாங்குங்கள். ஒருநாள் கேரவன் வாடகையை விட மலிவாகவே கிடைக்கும். வாடகைக்கு எடுக்கும்போது அலாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா, காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் குடும்பம் எடுத்த கேரவனில் அலாரம் இல்லை. கேட்டிருந்தால் வாடகைக்கு விட்டவர் திருதிருவென்று முழித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சந்தேகம் வந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, தலையை எண்ணிவிட்டு 999 அழையுங்கள். பர்ஸ் எடுக்க, ஃபோன் எடுக்க என்று திரும்ப உள்ளே போக வேண்டாம். தலைசுற்றுகிறவர் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

சிலருக்கு எல்லாம் சரியான பிறகு, சில நாளோ சில வாரமோ கழித்து, மறதியும் குழப்பமும் தலைகாட்டும். அதனால் பாட்டியை மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தேன். மகனுடன் வந்தார். பேரப்பிள்ளைகள் பெயர், வீட்டு எண், கந்த சஷ்டி கவசத்தில் பத்து வரி, எதிலும் தடுமாற்றம் இல்லை.

கிளம்பும்போது மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு இங்க உக்காந்துக்கிட்டு அந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் போட்டு அசிங்கமா எழுதிட்டான் டாக்டர். நான்தான் அழிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் அங்கேயே போய் சோத்தோங் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன். எனக்குத்தான் விரதம் முடிஞ்சுபோச்சே."