கான்: பட்டம் பெயரான கதை

கான் என்றாலே முஸ்லிம் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் 1206இல் மங்கோலியக் குலங்களை ஒன்றாக்கி அந்தப் பட்டத்தோடு ஆட்சிக்கு வந்த செங்கிஸ் கான் முஸ்லிம் இல்லை, தெங்கிரி என்ற வானக் கடவுளை வணங்கியவர். அவருடைய இயற்பெயர் தெமுஜின். கான் என்பது அவர் குடும்பப் பெயரே இல்லை, பதவி.

சொல் அவரைவிடப் பல நூற்றாண்டு பழையது. நடு ஆசியப் புல்வெளியில் துருக்கியரும் மங்கோலியரும் தலைவனைக் கான் என்றும் பெரிய அரசனைக் ககான் என்றும் அழைத்தார்கள். செங்கிஸ் கானுக்குப் பிறகு அவர் வழிவந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பட்டம் உரியது என்ற மரபு அவ்வளவு இறுகிப்போனது. உலகையே நடுங்கவைத்த தைமூர்கூடத் தன்னைக் கான் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அமீர் என்பதோடு நின்றுகொண்டு, செங்கிஸ் வம்சத்தில் ஒருவரைப் பெயருக்குக் கானாக உட்காரவைத்தார்.

இந்தியாவுக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். முகலாயர் காலத்தில் அரியணையில் இருப்பவர் பாதுஷா, அவருக்குக் கீழே இருக்கும் பிரபுக்கள் கான். அக்பரின் பாதுகாவலராக இருந்த பைராம் கானுக்குக் கிடைத்த 'கான்-இ-கானான்', அதாவது கான்களின் கான், முகலாயர் கொடுத்த பட்டம்தான். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானில் வாழும் பஷ்தூன்களிடம் ஊர்த்தலைவர், நிலக்கிழார் எல்லோருக்கும் இது மரியாதைச் சொல்லானது. எல்லை காந்தியைக் கான் அப்துல் கஃபார் கான் என்று இரண்டு முறை சொல்கிறோமே, அதில் முன்னால் வருவது மரியாதை, பின்னால் வருவது பெயர். பிரிட்டிஷ்காரர்களும் கான் பகதூர் பட்டம் கொடுத்தார்கள். மதுரையை ஆண்டு 1764இல் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானை நம் மக்கள் கான் சாகிப் என்றே அழைத்தார்கள். ஆகவே பெயரில் கான் இருப்பதை வைத்து மங்கோலிய ரத்தம் என்று முடிவுகட்டுவது தவறு.

தமிழில் என்ன சொல்லலாம்? பட்டமாக வந்தால் கோன், வேந்தன் என்பவை சரியாகப் பொருந்தும், ககானுக்குப் பேரரசன். குடும்பப் பெயராக வந்தால் கான் என்றே விட்டுவிட வேண்டும். காட்டைக் குறிக்கும் நம் 'கான்' வேறு சொல், இதோடு உறவில்லை.

அப்புறம், இன்றைய மங்கோலியர்கள் பெயருக்குப் பின்னால் கான் போட்டுக்கொள்வதில்லை. நம்மைப் போலவே அப்பா பெயரை முன்னால் வைத்து, அதை இனிஷியலாகச் சுருக்கி எழுதுகிறார்கள்.