இறுகிய மரையைத் தளர்த்தும் இரும்புத் தாடைகள்

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்கருவியின் பல் தேய்ந்துவிட்டால், கீழே இறக்கிய குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மும்மூன்று குழாய்களாக, சுமார் 28 மீட்டர் நீளத்துக்குக் கழற்றினாலும் நூறு இணைப்புகளுக்கு மேல் தளர்த்த வேண்டும். புதுத் துளைக்கருவியைப் பொருத்தி இறக்கும்போது அத்தனையையும் மறுபடி முறுக்க வேண்டும்.

குழாய் முனையில் கூம்பாக வெட்டிய மரை, அதாவது திருகுப் புரி, முழுக்க இறங்கியதும் இரண்டு குழாய்களின் தோள்களும், அதாவது மரையை ஒட்டிய தட்டையான விளிம்புகளும், ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும். உள்ளே பாயும் சேற்றுக் கலவை கசியாமல் தடுப்பது அந்தத் தோள்தான். 5 அங்குலக் குழாயை அப்படி இறுக்க வேண்டிய முறுக்குவிசை சுமார் 40,000 நியூட்டன் மீட்டர். கார் சக்கர நட்டுக்கு நூறு சொச்சம் போதும். குழாய் வலப்பக்கமாகவே சுழல்வதால், பாறையில் சிக்கித் திமிறும்போது சில இணைப்புகள் ஆழத்திலேயே இன்னும் இறுகிவிடும்.

ஆனால் தோள் சற்று விலகிவிட்டால் போதும், கூம்பு மரை சில சுற்றுகளில் விட்டுவிடும். ஆக, முதலில் பெரும் விசையும் சிறு திருப்பமும் வேண்டும். அப்புறம் குறைந்த விசையும் வேகமான சுழற்சியும் வேண்டும்.

பழைய ரிக்குகளில், அதாவது கிணறு தோண்டும் மேடைகளில், இதற்கு டாங்கு எனப்படும் இரண்டு பெரிய இடுக்கிகள் இருந்தன. கீழ் டாங்கை அசையாமல் கட்டிவிட்டு, மேல் டாங்கின் வாலை வடத்தால் இழுப்பார்கள். வடம் டாங்குக்குச் செங்குத்தாக இருந்தால்தான் இழுப்பு முழுவதும் முறுக்காக மாறும். குழாய்களை மறுபடி இணைக்கும்போது சங்கிலியைச் சுற்றி வீசி இழுப்பார்கள். அந்தச் சங்கிலிக்கு விரல்களைப் பறிகொடுத்த தொழிலாளர்கள் ஏராளம்.

1970களில் வந்த ‘அயர்ன் ரஃப்நெக்’ என்ற எந்திரம் இந்த வேலைகளை ஒன்றாக்கியது. அதன் கீழ்த்தாடை கீழ்க்குழாயின் தலையைக் கவ்வும். மேல்தாடையை ஹைட்ராலிக் சிலிண்டர்கள் இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பும். மரை தளர்ந்ததும் உருளைகள் மேல்குழாயைச் சுழற்றிக் கழற்றிவிடும். வேகம் கூடியதைவிட, மனிதக் கை அந்த இடத்திலிருந்து விலகியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எந்தக் கருவியானாலும் தாடையின் பற்கள் குழாயின் தடித்த முனையில் மட்டுமே பதிய வேண்டும். நடுப்பகுதியின் சுவர் 9 மில்லிமீட்டர் அளவுதான். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும், வளைந்து வளைந்து சுழலும்போது அது விரிசலாக வளரும். ஒருநாள் குழாய் கிணற்றுக்குள்ளேயே முறியும். அதனால்தான் தாடையை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதை ஒவ்வொரு இணைப்பிலும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள்.