எட்டு மில்லிமீட்டரும் கொஞ்சம் காற்றும்

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் துப்பாக்கி சுடும் போட்டிகள் கிளாஸ்கோவில் நடக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில், கார்னூஸ்டி ஊருக்கு அருகே உள்ள பாரி படன் ராணுவப் பயிற்சித் திடலில் நடந்தன. அங்கே ஆண்களுக்கான 50 மீட்டர் ரைபிள் புரோன், அதாவது படுத்துச் சுடும் பிரிவின் இறுதிச் சுற்றில், ஆஸ்திரேலியாவின் வாரன் பொட்டென்ட் 204.3 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு 203.6 புள்ளிகளுடன் வெள்ளி.

அந்த 0.7 புள்ளியை அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தோட்டாவின் தடிமன் 5.6 மில்லிமீட்டர். தோட்டாவின் விளிம்பு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே பத்து என்பது விதி. ஆகவே தோட்டாவின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். அந்த 8 மில்லிமீட்டரையும் பத்துக் கூறாக்கி, 10.0 முதல் 10.9 வரை புள்ளி தருகிறார்கள். ஒரு கூறு 0.8 மில்லிமீட்டர். ஏழு கூறு என்றால் 5.6 மில்லிமீட்டர். இருவரும் சுட்ட இருபது குண்டுகளின் விலகல்களைத் தனித்தனியே கூட்டிக் கழித்தால், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு தோட்டாவின் தடிமன்தான் மிஞ்சுகிறது.

பார்க்கச் சுவாரசியமில்லாத போட்டி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஒருவர் பாயில் குப்புறப் படுத்திருக்கிறார். நெடுநேரம் எதுவும் நடப்பதில்லை. அந்த எதுவும் நடக்காத நிலையை உருவாக்குவதில்தான் பாதி வித்தை இருக்கிறது. துப்பாக்கியின் பின்முனை தோளில் அசையாமல் இருக்க, ஒரு மீட்டர் தள்ளியுள்ள குழல் முனை மட்டும் 0.16 மில்லிமீட்டர் நகர்ந்தால், 50 மீட்டருக்கு அப்பால் அது 8 மில்லிமீட்டராகிவிடும். தசை எவ்வளவு உறுதியானாலும் நடுங்கும். எலும்பு நடுங்காது. எனவே எடையைத் தசையிடமிருந்து பிடுங்கி எலும்பிடம் ஒப்படைக்கிறார்கள். இடது முழங்கை தரையில் ஊன்றியிருக்கும். மேற்கையிலிருந்து துப்பாக்கிக்குச் செல்லும் வார், முன்கையை விறைப்பான தூணாக இழுத்துப் பிடிக்கும். கை மிகவும் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக, முன்கை கிடைமட்டத்திலிருந்து 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

வலது முழங்காலைச் சற்று மடக்கி வைப்பார்கள். வயிறும் மார்பும் தரையிலிருந்து கொஞ்சம் விடுபட்டு, மூச்சு எளிதாகும். இதயத் துடிப்பு துப்பாக்கிக்குப் போவதும் குறையும். வார் தவறான இடத்தில் இறுகினால் மேற்கைத் தமனியின் துடிப்பு குறியிலேயே தெரியும். பிறகு ஒரு சோதனை. கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். குறி இலக்கிலேயே நின்றால் சரி. விலகியிருந்தால் கையால் துப்பாக்கியைத் தள்ளித் திருத்தக் கூடாது. முழு உடலையும் நகர்த்த வேண்டும்.

இப்படி உடலை அடக்கியவர்களில் ஒருவர் பெலாரூசின் செர்கெய் மார்ட்டினோவ். 2012 லண்டன் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளையும் பத்தில் வைத்து 600க்கு 600 எடுத்தார். அதற்கு மேல் போக அன்றைய முறையில் இடமில்லை. மறு ஆண்டு தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளி வந்தது; உச்சம் 654.0 ஆனது.

உடல் அடங்கிய பிறகும் காற்று அடங்குவதில்லை. என் பார்வையில் உண்மையான போட்டியே அதற்குப் பிறகுதான். தோட்டா நொடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 0.16 நொடியில் இலக்கை அடைகிறது. அதற்குள் ஈர்ப்பு விசை அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். ஆனால் ஈர்ப்பு மாறுவதில்லை. ஒருமுறை குறியைச் சரிசெய்தால் போதும். பக்கவாட்டில் வீசும் காற்று அப்படியல்ல. நொடிக்கு 2 மீட்டர் காற்று, மரத்தின் இலைகளைச் சலசலக்க வைக்குமளவு, தோட்டாவை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிடும். மையத்துக்குப் போக வேண்டிய குண்டு பத்தைத் தாண்டி ஒன்பதில் விழும்.

இதில் ஒரு புதிர் உண்டு. காற்று 0.16 நொடியில் 32 சென்டிமீட்டர் நகர்கிறது. தோட்டா மட்டும் ஏன் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது? தோட்டா காற்றோடு மிதந்து போவதில்லை. எதிர்வரும் காற்றோட்டத்தை நோக்கி மூக்கை லேசாகத் திருப்பிக்கொள்கிறது. அதை வேகமிழக்கச் செய்யும் காற்றுத் தடை அந்தச் சாய்ந்த திசையில் இழுப்பதால்தான் பக்கவாட்டில் நகர்கிறது. எனவே கணக்கில் வருவது பயண நேரம் முழுவதும் அல்ல, தடையால் உண்டான தாமதம் மட்டும். வேகமே குறையாமல் பறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிடத் தோட்டா ஐந்தாறு மில்லி நொடி தாமதமாக வந்து சேர்கிறது. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும்.

இதனால்தான் வேகமான தோட்டா காற்றில் குறைவாக விலகும் என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் கடக்கும்போதும் காற்றுத் தடை திடீரென ஏறுகிறது, தாமதமும் கூடுகிறது. இதே அளவுள்ள தோட்டாவை ஒலியைவிட விரைவாகச் செலுத்தினால் அது அதிகமாகவே விலகும். போட்டித் தோட்டாக்களை ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல்: பக்கக் காற்று குண்டை மேலும் கீழுமாகவும் நகர்த்தும். குழலின் உட்புறத் திருகுவரிகள் தோட்டாவைப் பம்பரம்போல் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பொருளை ஒரு பக்கமாகத் தள்ளினால் அது செங்குத்தான இன்னொரு திசையில் சாயும். வலப்புறமாகச் சுழலும் தோட்டா, வலப்பக்கக் காற்றில் இடதுபுறம் சற்று மேலேயும், இடப்பக்கக் காற்றில் வலதுபுறம் சற்றுக் கீழேயும் விழும். காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும் நாளில் இலக்கிலுள்ள துளைகள் சாய்ந்த கோடாகப் பரவுவது இதனால்தான்.

காற்றைக் காட்டச் சுடுதளத்தில் சிறு கொடிகள் இருக்கும். வீரருக்கு அருகிலுள்ள கொடிக்கே மதிப்பு அதிகம்; தொடக்கத்தில் விழும் சிறு கோணப் பிழை மீதித் தூரம் முழுவதும் விரிந்துகொண்டே போகும். கொடிகள் ஒன்றுக்கொன்று முரணாக ஆடினால் தலைவலிதான்.

தகுதிச் சுற்றில் 60 குண்டுக்கு 50 நிமிடம். ஆகவே பலர் ஒரு காற்று நிலையைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பக் குறியை அமைத்துவிட்டு, கொடி மறுபடி அதே கோணத்துக்கு வரும்வரை விசையைத் தொடாமல் காத்திருப்பார்கள். காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தைவிட, அடிக்கடி திரும்பி வரும் காற்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பாரி படன் இறுதிச் சுற்றில் அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றாகச் சுட வேண்டிய குண்டுகள் ஒவ்வொன்றும் கட்டளை வந்த 30 நொடிக்குள் போயாக வேண்டும். விரும்பிய காற்று வராவிட்டால் குறிபார்க்கும் கருவியின் திருகை ஓரிரு சொடுக்கு திருப்ப வேண்டும், அல்லது மையத்தைவிட்டு வேண்டுமென்றே தள்ளிக் குறிவைத்து, இருக்கிற காற்றிலேயே சுட வேண்டும்.