மஞ்சள் பொட்டலமும் வெள்ளை வண்டியும்

நிவாரணப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி வரும். "ராணுவத்திடம் லாரி இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது. மூட்டையை அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?" பசித்த வயிற்றுக்கு யார் கொடுத்தாலும் சோறுதானே என்று தோன்றும். நான் ஆப்கானிஸ்தான் கதையைச் சொல்வேன்.

2001 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் அங்கே குண்டும் போட்டன, சாப்பாட்டுப் பொட்டலமும் போட்டன. பொட்டலம் மஞ்சள் நிறம். உள்ளே ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. அதே நாட்களில் வீசிய கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறி, வெடிக்காமல் கிடந்த சிறு குண்டுகளும் மஞ்சள்தான். குளிர்பான டப்பா அளவு இருக்கும். வயலில் மஞ்சளாக ஏதோ கிடந்தால் பசியோடு இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? ரேடியோவில் எச்சரித்தார்கள். பொட்டலத்தை நீலத்துக்கு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

2004இல் தெற்கு ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை துண்டுப் பிரசுரம் கொடுத்தது: உதவி தொடர வேண்டுமானால் தாலிபான் பற்றித் தகவல் சொல்லுங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஜூன் 2 அன்று பத்கிஸ் மாகாணத்தில் அவர்களின் ஊழியர்கள் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவர்கள் அமெரிக்காவுக்காக வேலை செய்கிறவர்கள் என்று தாலிபான் தரப்பு பேசியது. 24 ஆண்டுகள் அங்கே வைத்தியம் பார்த்த அமைப்பு ஜூலையில் வெளியேறியது. நோயாளிகள் எங்கே போவார்கள்?

சரி, அப்படியானால் ராணுவத்தோடு பேசவே கூடாதா? பேசியே ஆக வேண்டும். எந்தச் சாலையில் கண்ணிவெடி, எங்கள் லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும், மருத்துவமனை எந்த இடத்தில் என்பதெல்லாம் அவர்களுக்கும் எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோதுதான் ராணுவ வாகனத்தைக் கேட்பது என்பது ஐ.நா. வழிகாட்டுதல். ஊரில் யார் எந்தப் பக்கம் என்ற தகவலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க மாட்டோம்.

பேசிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பின்னாளில் ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பி வந்து, குந்தூஸ் நகரில் ஒரு மருத்துவமனை நடத்தியது. அதன் இருப்பிடத்தை ராணுவத்திடம் முன்பே தெரிவித்திருந்தார்கள். 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானம் அதைத் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள்.

எங்கள் வெள்ளை வண்டியின் கதவில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். வழியில் ஆயுதத்தோடு ஒரு சிப்பாய் கைகாட்டி ஏறக் கேட்டால் ஏற்ற மாட்டோம். கோபம் வரும் அவருக்கு. இறங்கி, அந்த ஸ்டிக்கரைக் காட்டி, பொறுமையாகக் காரணம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்போம்.