டேங்குக்குள் எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

புளியரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டு ஷெட்டில் பழைய பைக்குகளைப் பிரித்துச் சரிசெய்து பெயின்ட் அடிப்பேன். புனலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடுகிறார்கள். 2 ஹெச்பி மோட்டார், 100 லிட்டர் டேங்க் உள்ள கம்ப்ரசர் விலைக்கு வருகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. அடியில் உள்ள டிரெய்ன் காக்கை (தண்ணீரை வடித்துவிடும் சிறு திருகு வால்வு) திறந்தால் மட்டும் பழுப்பாகத் தண்ணீர் வருகிறது. மழையில் நனைந்திருக்கும், அவ்வளவுதான் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?"

மழையில் நனைந்தால் டேங்கின் வெளிப்பக்கம்தான் ஈரமாகும். 100 பவுண்டு அழுத்தத்தில் காற்றை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் டேங்குக்குள் மழைத்தண்ணீர் போக வழியே கிடையாது. அந்தத் தண்ணீர் காற்றோடு வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான பதிலும் அதிலேதான் இருக்கிறது.

கம்ப்ரசர் ஓடும் விதம் பள்ளிப் பாடம்தான். பிஸ்டன் இறங்கும்போது ஒரு வால்வு திறந்து காற்று உள்ளே வரும். ஏறும்போது அது மூடிக்கொள்ள, இன்னொரு வால்வு வழியாகக் காற்று டேங்குக்குப் போகும். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் 100 பவுண்டைத் தொட்டதும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்பது ஏறக்குறைய 7 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 8 பார். எட்டு லிட்டர் காற்று ஒரு லிட்டர் இடத்தில் அடைபட்டிருக்கிறது.

இப்போது ஆனி, ஆடி மாதத்துச் சாரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் இறங்கும் காற்று 26 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கனமீட்டருக்கு 22 கிராம் நீராவி இருக்கும். எட்டு கனமீட்டரை ஒரு கனமீட்டருக்குள் அமுக்கினால் 176 கிராம் நீராவி அதே ஒரு கனமீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஆனால் 26 டிகிரியில் ஒரு கனமீட்டர் இடத்தில் 24 கிராமுக்கு மேல் நீராவி ஆவியாகவே இருக்க முடியாது. மீதி 152 கிராம், கிட்டத்தட்ட ஒரு டம்ளர், தண்ணீராக மாறியே ஆக வேண்டும்.

இதில் எனக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. காற்றை எட்டு மடங்கு நெருக்கியிருக்கிறோமே, அது எட்டு மடங்கு ஈரத்தைத் தாங்காதா என்று யாருக்கும் தோன்றும். தாங்காது. ஏனென்றால் ஈரத்தைத் தாங்குவது காற்றின் வேலையே இல்லை. ஒரு துளித் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. வெளியே திரியும் நீராவி மூலக்கூறுகள் ஓயாமல் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. எத்தனை வெளியேறும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. எத்தனை திரும்பும் என்பதை அந்த இடத்தில் எவ்வளவு நீராவி நெருக்கமாக இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் ஏறக்குறைய பங்கே இல்லை. கலந்திருக்கும் வாயுக்களில் ஒவ்வொன்றும் மற்றவை இல்லாததுபோலவே தன் அழுத்தத்தைக் காட்டும் என்று ஜான் டால்டன் 1801-ல் சொன்னார். புனலூர் டேங்கில் தேங்கும் தண்ணீருக்கும் அந்த விதிதான் விளக்கம்.

அப்படியானால் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் ஆகிவிடாதா? ஆகாது. அமுக்கப்படும் காற்று சூடாகிறது. வெப்பம் துளியும் வெளியேறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 8 பாரை எட்டும்போது 270 டிகிரியைத் தொடும். நிஜத்தில் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்வதால் அதைவிடக் குறையும். அப்படியும் அந்தச் சூட்டில் ஆவி ஆவியாகவே இருக்கும். டேங்குக்குப் போய் ஆற ஆறத்தான் உள்சுவரில் வியர்த்து, வழிந்து, அடியில் தேங்கும். ஸ்ப்ரே கன்னுக்கு நிமிடம் 200 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் காற்று கொடுத்தால் 12 கனமீட்டர் காற்று உள்ளே போயிருக்கும். சாரல் நாளில் அதிலிருந்து கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இறங்கும். டேங்க் ஆறுவதற்குள் காற்றை எடுத்துவிட்டால் ஹோஸுக்குள் இறங்கும். பெயின்ட் அடித்த இடத்தில் கொப்புளம் கொப்புளமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, இரும்புக்குள் தண்ணீர் தேங்கினால் துரு பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்ரசர் டேங்கில் அது இன்னும் வேகமாக நடக்கும். உள்ளே காற்று எட்டு மடங்கு நெருக்கத்தில் இருப்பதால் ஆக்சிஜனும் எட்டு மடங்கு அழுத்தத்தோடு தண்ணீரில் கரைகிறது. கார்பன் டை ஆக்சைடும் கூடுதலாகக் கரைந்து தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்குகிறது. அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. தண்ணீர் மட்டத்தை ஒட்டியும் சேற்றுக்கு அடியிலும் குழி குழியாக ஆழமாகப் போகும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே 3 மில்லிமீட்டர் தகடு ஒரு மில்லிமீட்டருக்கு வந்திருக்கும்.

அந்தத் தகடு எதைத் தடுத்து நிற்கிறது தெரியுமா? 100 லிட்டர் டேங்கில் 7 பார் கேஜ் அழுத்தத்தில் இருக்கும் காற்று திடீரென்று விரிந்தால் 50 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படும். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் ஆற்றல் அது. டேங்க் வெடித்த இடங்களில் "கண் பட்டுவிட்டது", "நேரம் சரியில்லை" என்று பேசுவதைக் கேட்டால் எனக்குத் தாங்க முடிவதில்லை. பெரும்பாலும் பல வருடமாக ஒருவரும் டிரெய்ன் காக்கைத் திறக்காததுதான் காரணம். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவது அவரவர் நம்பிக்கை, ஆனால் அது தகட்டின் கனத்தைக் கூட்டாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் முன் அந்தக் காக்கைத் திறந்துவிட்டால் உயிர் மிஞ்சும்.

ஆகவே வாசகர் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல. மோட்டாருக்குக் காயில் கட்டலாம், பிஸ்டன் ரிங் மாற்றலாம், வால்வு பிளேட் தென்காசியிலேயே கிடைக்கும். டேங்கின் தகடு போனால் போனதுதான். அடிவயிற்றில் வெல்டிங் ஒட்டு இருந்தால் பேசவே வேண்டாம், விட்டுவிடுங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தண்ணீரின் நிறத்தை மட்டும் வைத்துத் தகட்டின் கனத்தைச் சொல்ல முடியாது. காக்கைத் திறந்தும் எதுவுமே வரவில்லை என்றால் துருச்சேறு அடைத்திருக்கலாம், அது பழுப்புத் தண்ணீரைவிட மோசமான அறிகுறி. காற்றை முழுவதும் இறக்கி, கேஜ் பூஜ்யத்தில் நின்ற பிறகு காக்கைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

நம்பத் தகுந்த சோதனை தண்ணீர் சோதனைதான். டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, மேல் துவாரம் வழியாகக் காற்றுக் குமிழே இல்லாமல் வெளியேற்றி, கை பம்ப்பால் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது, அதனால் ஆற்றலை அதிகம் சேமித்தும் வைக்காது. அதே டேங்க் 7 பாரைவிடக் கூடிய இந்த அழுத்தத்தில் கிழிந்தாலும் வெளிப்படுவது நூறு ஜூல் அளவுதான். கொஞ்சம் தண்ணீர் பீச்சியடித்து நின்றுவிடும். ஆகவே காற்றை ஏற்றி இதைச் சோதிக்க யாரையும் விடாதீர்கள்.

அல்ட்ராசோனிக் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5900 மீட்டர் ஓடும். 3 மில்லிமீட்டர் தகட்டைக் கடந்து எதிரொலித்துத் திரும்ப ஒரு மைக்ரோநொடி ஆகிறது. அந்த நேரத்தை அளந்து, வெளியே இருந்தபடியே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடும். கையடக்கமான கருவி அது. ஒவ்வொரு ஐடிஐயிலும் ஒன்று வாங்கிவைத்து, மாதம் ஒரு நாள் ஊர்க்காரர்களின் டேங்குகளை மாணவர்கள் அளந்து கொடுத்தால் என்ன? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1953-ல் திறந்த அந்த ஆய்வகம் துருவைப் பற்றி ஆராய்வதில் பெயர் பெற்றது. ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் எனக்கு மகிழ்ச்சிதான். துரு ஆராய்ச்சியின் பலன் பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேரவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவை சுலபம். காலி டேங்க் 7 பார் ஆக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 100 லிட்டர் டேங்குக்கு 700 லிட்டர் காற்று வேண்டும், 2 ஹெச்பிக்கு நாலு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். ஏழெட்டு நிமிடம் ஆனால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. நிறுத்திய பிறகு கேஜ் முள் மெல்ல இறங்கினால் உடனே லீக் என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே 60 டிகிரியில் இருந்த காற்று 30 டிகிரிக்கு ஆறினால் 7 பார் 6.3 ஆகிவிடும். ஆறிய பிறகும் இறங்கினால்தான் லீக். மோட்டார் நின்றதும் ஒரு முறை "புஸ்" என்று சத்தம் வருவது இயல்பு. அது தொடர்ந்து வந்தால் டேங்குக் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் பிடிக்கவில்லை. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள், காற்று வராவிட்டால் புதிது போட்டாக வேண்டும்.

தண்ணீர் சோதனைக்கு விற்பவர் சம்மதித்து, டேங்கும் தேறினால் வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் பம்ப்பையும் மோட்டாரையும் மட்டும் விலை பேசி, புது டேங்கில் மாட்டிக்கொள்ளலாம். அப்புறம், சாரல் காலத்தில் வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் டிரெய்ன் காக்கைத் திறந்துவிடுங்கள். டேங்குக்கும் கன்னுக்கும் நடுவே ஏழெட்டு மீட்டர் இரும்புப் பைப்பைச் சற்றுச் சரிவாக ஓடவிட்டு, தாழ்ந்த முனையில் ஒரு காக் வைத்து, கன்னுக்குப் போகும் கிளையைப் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். மீதி ஈரத்தில் பெரும்பகுதி பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் அங்கேயே இறங்கிவிடும்.