வெளிநாட்டிலிருந்து திரும்புகிறீர்களா? வீட்டுச் சாமான்களை இங்கே வந்து வாங்குங்கள்

இந்த மாதமும் ஒரு வீட்டில் அதே கதை. அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியவர்கள். லேப்டாப் சார்ஜர் 240 வோல்ட் வரை தாங்கும் என்று சரியாகவே படித்து வைத்திருந்தார்கள். ஆனால் அதன் பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது அல்லவா? அதற்காக அங்கிருந்து கொண்டுவந்த பவர் ஸ்ட்ரிப்பை ஓர் அடாப்டர் வழியாகச் சுவரில் மாட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்விட்சைப் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரிப் வெடித்தது. படுக்கை விரிப்பின் ஓரம் கருகியது. குழந்தை அப்போது அடுத்த அறையில் இருந்தது.

பவர் ஸ்ட்ரிப் என்பது வெறும் ஒயரும் ஓட்டைகளும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சர்ஜ் பாதுகாப்பு உள்ள ஸ்ட்ரிப்புக்குள் அதிக மின்னழுத்தம் வந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும் சின்ன வில்லை ஒன்று இருக்கும். 120 வோல்ட்டுக்காகச் செய்த அந்த வில்லைக்கு நம் 230 வோல்ட் எப்போதும் ஆபத்துதான். அதனால் அது சூடாகி, உருகி, சில சமயம் தீயும் பிடிக்கும். அதில் எதைச் செருகினீர்கள் என்பது முக்கியமே இல்லை. ஒன்றும் செருகாவிட்டாலும் அது வெடிக்கும்.

வீட்டு வயரிங், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் இவைதான் என் பிழைப்பு. தமிழ்நாட்டுக்குக் குடி திரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சாமான்களை எங்கே வாங்குவது? அங்கே தள்ளுபடியில் வாங்கிக் கன்டெய்னரில் போட்டுவிடலாமா?" என்பது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். சுவரில் செருகுகிற எதையும், அது எந்த ஊர்ச் சுவரில் ஓடப்போகிறதோ அந்த ஊரில் வாங்குங்கள். இதைச் சொன்னதும் அநேகமாக எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஸ்டெப் டவுன் போட்டுக்கலாமே!"

வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் இந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் பணத்தை விழுங்குவது இதன் மேல் வைக்கும் நம்பிக்கைதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை மாறி மாறி ஓடுகிறது என்ற கணக்கு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். ஹெர்ட்ஸைத் தொடவே தொடாது. 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றிய மோட்டார் காயில், அதாவது கம்பிச் சுருள், 50 ஹெர்ட்ஸில் ஓடினால் அதிகக் கரண்ட் இழுக்கும், சூடாகும், வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும். முதல் நாள் ஓடும். முதல் மாதமும் ஓடலாம். "பாருங்க, நல்லாத்தானே ஓடுது" என்று எனக்கு வீடியோ அனுப்புவார்கள். கோடை வந்ததும் காயில் கருகிய வாசனையோடு பொருள் என்னிடம் வந்து சேரும். பழைய வகை மைக்ரோவேவ் அவனுக்கும் இதே கதிதான். அதன் உள்ளே இருக்கும் கனமான டிரான்ஸ்பார்மரும் 60 ஹெர்ட்ஸுக்கு அளவெடுத்ததுதான். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணி நேரம் காட்டும் மைக்ரோவேவ் என்றால் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்னால் போகும். அதைப் பார்த்தாவது சந்தேகம் வர வேண்டும்.

இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் விகிதத்தில்தான் குறைக்கும். இரவில் உங்கள் லைனில் 260 வோல்ட் வந்தால் அந்தப் பக்கம் 120 வராது, 135 வரும். "ஸ்டெபிலைசர் மாதிரிதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை, இரண்டும் வேறு வேறு. அதோடு, 750 வாட் மிக்சிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் போதாது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் பல மடங்கு இழுக்கும். தாங்கும் அளவுக்கு வாங்கினால் அது சமையல் மேடையில் பாதி இடத்தை அடைக்கும். மலிவாகக் கிடைப்பவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. கைகள் ஈரமாக இருக்கும் சமையலறையில் எர்த் இல்லாமல் ஒரு மெட்டல் பெட்டி. எனக்கு நினைத்தாலே பதறுகிறது.

சரி, டிரான்ஸ்பார்மரில் எதுவுமே ஓடாதா? ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் சூடேற்றும் பொருட்களுக்கு ஹெர்ட்ஸ் பொருட்டல்ல. மிக்சி மோட்டார் கார்பன் பிரஷ் வைத்தது, அதற்கும் ஹெர்ட்ஸ் மாறுவது பெரிய விஷயமில்லை. ஆனால் வெட் கிரைண்டர் அப்படியில்லை. அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை இங்கே எந்த டிரான்ஸ்பார்மராலும் காப்பாற்ற முடியாது.

கிரைண்டர், மிக்சி என்றதும் இன்னொரு ஏமாற்றம். "இது நம்ம ஊர்க் கம்பெனி அண்ணா, கோயம்புத்தூர்ல செஞ்சது, இங்க ஓடாதா?" என்பார்கள். ஓடாது. நம் கம்பெனிகள் அமெரிக்காவில் விற்பதற்கென்று 110 வோல்ட்டில் தனியாகச் செய்து அனுப்புகிறார்கள். பெயர் ஒன்று, டப்பா ஒன்று, நிறம்கூட ஒன்று. காயில் மட்டும் வேறு. 110 வோல்ட் மிக்சியை நேராக நம் சுவரில் செருகினால் அது வெறி பிடித்த மாதிரி சுற்றி, சில நொடிகளில் புகையும். அதற்குள் ஜார் மூடி தெறித்துவிட்டால் எதிரே நிற்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். இங்கே காயில் மாற்றித் தர முடியாதா என்று கேட்பவர்களுக்கு: மாற்றலாம். கூலியும் காயிலும் சேர்த்தால் புதுசுக்குப் பக்கத்தில் வந்துவிடும், வாரண்டியும் கிடைக்காது.

ரைஸ் குக்கரில் ஆபத்து இதைவிட அதிகம். வோல்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்கிறார்கள். 120 வோல்ட் காயிலில் 230 கொடுத்தால் சூடு மூன்றரை மடங்கைத் தாண்டும்.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவர்கள் "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பாதி சரி. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து எல்லாம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சவூதி அரேபியா 60 ஹெர்ட்ஸ். தென்கொரியாவும் 60 ஹெர்ட்ஸ்தான். அங்கே இருந்து வரும் வாஷிங் மெஷினிலும் ஃபிரிட்ஜிலும் 220 என்ற எண்ணைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். பக்கத்திலேயே 60 என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

சிங்கப்பூர், லண்டன் சாமான்களில் சிக்கல் பிளக்கில் இருக்கிறது. அந்தச் சதுரப் பின் பிளக்குக்குள் 13 ஆம்பியர் வரை ஃபியூஸ் உண்டு. 3,000 வாட் கெட்டில் முழு 13 ஆம்பியர் இழுக்கும். அதை ஒரு யுனிவர்சல் அடாப்டரில் மாட்டி, நம் வீட்டுச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் உருகாமல் என்ன செய்யும்? பிளக்கை வெட்டிவிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 16 ஆம்பியர் பிளக் டாப் போட்டு, பெரிய சாக்கெட்டில் மாட்டச் சொல்லுங்கள். சின்ன வேலை, எலக்ட்ரீஷியனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அடாப்டர் பயணத்துக்கானது, குடித்தனத்துக்கானது இல்லை. நுழையவில்லை என்று எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிறார்களே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த மூன்றாவது பின் உங்கள் உயிருக்காக வைத்தது.

அப்படியானால் எதைத்தான் கொண்டுவருவது? பொருளின் பின்னாலோ அடியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் "இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான். டிவியில் பலவும் அப்படித்தான், ஆனாலும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரே ஒரு வோல்ட் மட்டும் எழுதியிருந்தால், அது 120 என்றாலோ 110 என்றாலோ, அங்கேயே விற்றுவிடுங்கள், நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க வாஷிங் மெஷினில் தண்ணீர்க் குழாயின் மரைகூட நம் பைப்போடு சேராது. அமெரிக்க கேஸ் அடுப்பு பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்தது, நம் சிலிண்டரில் வருவது எல்பிஜி. "ஜெட்டை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இனி, இங்கே வந்து வாங்குவது. வந்த அன்றே கடைக்கு ஓட வேண்டாம். வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்திருந்தால் முதலில் வயரிங்கைப் பாருங்கள். எலி கடித்த ஒயர், சாக்கெட்டுக்குள் குளவிக்கூடு, துருப்பிடித்த எர்த், இவை மூன்றும் எனக்கு வழக்கமான காட்சிகள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். ஷாக் அடிக்கும்போது லைனைத் துண்டிப்பது அதுதான், சாதாரண டிரிப்பர் அந்த வேலையைச் செய்யாது. பழைய கீசரில் தண்ணீர் நிறைந்து வெந்நீர்க் குழாயில் வழியும்வரை ஸ்விட்சைப் போடாதீர்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி போன்ற பெரிய சாமான்களை நீங்கள் குடியிருக்கும் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். சென்னையில் வாங்கித் தென்காசிக்கு வண்டியேற்றி வருகிறார்கள். கொஞ்சம் மிச்சமாகலாம். வழியில் அடிபட்ட ஃபிரிட்ஜுக்கு யார் பொறுப்பு என்ற சண்டையில் அந்த மிச்சம் போய்விடும். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "இந்தக் கம்பெனி சர்வீஸ் ஆள் நம்ம ஊரில் இருக்காரா, பக்கத்து டவுனிலிருந்து வரணுமா?" இணையத்தில் வாங்கினாலும் இதே கேள்விதான். மிக்சி என்றால் ஜார், கப்ளர், கார்பன் உள்ளூரில் கிடைக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் பார்த்துப் பழகிய பிராண்டு என்பதற்காக இங்கே உதிரி கிடைக்காத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டாம். அங்கே வாங்கிய வாரண்டியைப் பெரும்பாலான கம்பெனிகள் இங்கே ஏற்பதில்லை.

ஆடித் தள்ளுபடியில் வாங்குபவர்கள் தயாரித்த மாதத்தையும் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளில் இருக்கும் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் ஏசிக்கு மாற்றியபோது பழைய 5 ஸ்டார் 4 ஸ்டார் ஆனது. ஐஎஸ்ஐ முத்திரையில் சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், கடையில் நின்றபடியே. கேஸ் குழாயை ரோட்டோரத்தில் மீட்டர் கணக்கில் வாங்காதீர்கள். ஏஜென்சியிலேயே சுரக்ஷா குழாய் தருவார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பூட்டிய வீட்டில் இருந்த பழைய குழாயை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பில்லை ஜிஎஸ்டியோடு வாங்குங்கள், வாரண்டி அட்டையில் தேதியோடு சீல் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூட்டுவலிக்கென்று அமெரிக்காவில் வாங்கிய ஹீட்டிங் பேடை ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஆசையாகக் கொடுத்து வருகிறார்கள். 120 வோல்ட் பேட். அதைப் பிள்ளை கொடுத்தது என்பதால் அந்த அம்மா யாரிடமும் கேட்காமல் கிடைத்த அடாப்டரில் செருகி, இடுப்புக்கடியில் வைத்துப் படுப்பார். சூடு தாங்காமல் எழுந்துகொள்ளும் வயதும் இல்லை. நீங்கள் முன்பு வந்துபோனபோது கொடுத்த இப்படிப்பட்ட பொருட்கள் பெற்றோர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே போன் செய்து அவற்றைச் செருக வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே பேட் 230 வோல்ட்டில் இங்கே மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுங்கள்.