செமினார் நாளில் வரும் காய்ச்சல்

செமினார் தேதி நெருங்கினாலே காய்ச்சல் வந்துவிடுகிறது என்று ஒரு மாணவியை அவர் அம்மா அழைத்து வந்தார். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, முதுகலை முதலாண்டு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பேசுவதற்காக எழுதிய தாளை அந்த மாணவி காட்டினார். கட்டைவிரல்கள் பட்ட இடமெல்லாம் வியர்வையில் மை கலங்கியிருந்தது.

"தமிழ்ல யோசிச்சு, மலையாளத்துல மாத்தி, அப்புறம் இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ள மூச்சு முட்டிருதுங்க மேடம்."

முதல் செமஸ்டரில் ஒருமுறை வார்த்தை தடுமாறியபோது பின் பெஞ்சிலிருந்து "பாண்டி" என்று, தமிழரைக் கேலி செய்யும் சொல்லோடு ஒரு குரல், கூடவே சிரிப்பு. அன்றோடு சரி. வகுப்பில் வாயே திறக்கவில்லை.

பாலக்காட்டுச் சித்தூர், வாளையார், மூணாறு எஸ்டேட் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆசிரியர்கள் மொழிப் பிரச்சினை என்கிறார்கள், வீட்டில் கூச்ச சுபாவம் என்கிறார்கள். மொழித் தடுமாற்றம் இருக்கிறதுதான். ஆனால் பயத்தைத் தீனி போட்டு வளர்ப்பது தவிர்ப்பு. லீவு போட்டதும் படபடப்பு இறங்குகிறது. ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை நம்பிவிடுகிறது. அடுத்த முறை பயம் இரண்டு நாள் முன்னதாகவே வரும். அந்த நிலையில் "தைரியமா பேசு" என்பது எந்தப் பிள்ளைக்கும் உதவி நான் பார்த்ததில்லை.

நாங்கள் தமிழில்தான் தொடங்கினோம். பாடத்தைத் தமிழில் இரண்டு நிமிடம் பேசித் தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பிறகு அதையே ஆங்கிலத்தில். மாலையில் காலி வகுப்பறையில் தனியாக, அப்புறம் மூன்று தோழிகள் முன்னால். பயத்துக்கு நூறுக்கு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார். அது பாதியாகும் வரை அதே படியில் நிற்போம். முழுவதையும் மனப்பாடம் செய்ய விடவில்லை. ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடும். முதல் வாக்கியம் மட்டும் மனப்பாடம், மற்றதெல்லாம் குறிப்பு.

"கை நடுங்கறது எல்லாருக்கும் தெரியுதுங்களே" என்பார். உள்ளே நடக்கும் கலவரத்தில் மிகக் குறைவாகத்தான் வெளியே தெரிகிறது. உளவியலாளர்கள் சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுக்கொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அவர் பேசுவதை மொபைலில் எடுத்துக் காட்டினேன். நடுக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தார்.

ஆசிரியர்களே, ரோல் நம்பர் சொல்லித் திடீரென எழுப்பாதீர்கள். முதல் நாளே சொல்லுங்கள், முதல் தடவை உட்கார்ந்தபடியே பேச விடுங்கள். உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாணவர்கள் நண்பர் தரும் படபடப்பு மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. அப்படிப்பட்ட மாத்திரையான ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆறு மாதத்துக்கு மேல் பயம் நீடித்து, வகுப்பும் தேர்வும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நேரில் போகத் தயக்கமா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.